5½ மாதக் கடுவன் பூனைக்கு விதைநீக்க அறுவைச் சிகிச்சை: வயிற்றை எவ்வளவு நேரம் காலியாக வைப்பது?

#1 வைகைக்கரை (மதுரை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மிளகு என்ற கடுவன் பூனை வளர்கிறது. கார்த்திகை மழையில் தாய்ப் பூனை எங்கள் மோட்டார் அறையில் ஈன்று, பின்னர் விட்டுச் சென்ற ஒற்றைக் குட்டி அவன். இப்போது வயது 5½ மாதம், எடை 2.8 கிலோ. பூனைகளுக்கான மூன்று நோய்த் தடுப்பூசியைத் தவணை தவறாமல் போட்டிருக்கிறோம். வெறிநோய்த் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் கொடுத்தாயிற்று.

கடந்த பத்து நாள்களாக அவனுடைய குரலே மாறிவிட்டது. பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்கு வரும் பெட்டையைப் பார்த்தால் பின்கதவில் ஏறி நின்று கத்துகிறான். நேற்று அரிசி மூட்டைக்குப் புறங்காட்டி நின்று, வாலை நிமிர்த்தி நடுங்கவிட்டபடி சிறுநீரைப் பீய்ச்சினான். அந்த வாடை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. எனவே விதைநீக்கம் செய்துவிடுவது என்று முடிவெடுத்து, அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டம் ஓய்ந்த பிறகு, அதற்கடுத்த வார வியாழக்கிழமைக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் முன்பதிவு செய்திருக்கிறோம்.

என் குழப்பம் இரண்டு. அறுவைச் சிகிச்சை காலை 11 மணிக்கு. முதல் நாள் இரவு 8 மணிக்கு மேல் உணவும் தண்ணீரும் கொடுக்கக் கூடாது என்று அங்குள்ள உதவியாளர் தொலைபேசியில் கூறினார். கணக்குப் பார்த்தால் 15 மணி நேரம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தட்டை உருட்டுகிற பிள்ளையை 15 மணி நேரம் பட்டினி போடலாமா? இரண்டாவது, என் அம்மாவின் மறுப்பு. காயடிப்பது பாவம் என்று சொல்லி இரண்டு நாள்களாக என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

#2 நெல்லைச்சீமை

சகோதரி, பீய்ச்சத் தொடங்கிவிட்டான் என்றால் தள்ளிப்போட வேண்டாம். நாங்கள் எங்கள் கடுவனுக்கு ஒன்றரை வயதில்தான் செய்தோம். அதற்குள் அவனுக்கு அது பழக்கமாகவே ஊறிவிட்டது; அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் முழுமையாக நிற்க நான்கு மாதங்கள் பிடித்தன. அரிசி மூட்டையின் வாடைக்குப் பினாயில் ஊற்றாதீர்கள். பூனைக்கு அது நஞ்சு. துணி துவைக்கும் நொதி கலந்த பொடியை வெந்நீரில் கரைத்து ஊறவைத்துத் துடைத்தால் பெருமளவு போகும்.

#3 ஐயப்பாடு

அனைவரும் சொல்வதற்கு மாறாக ஒன்றைக் கேட்கிறேன். சினம் கொள்ள வேண்டாம். குட்டி போடுவது பெட்டைதானே, கடுவன் அல்லவே? வீட்டுக்குள் வளரும் கடுவனால் யாருக்கு என்ன தொல்லை? தெருவில் பத்துக் கடுவன்கள் திரியும்போது உங்கள் மிளகு ஒருவனை மட்டும் அறுத்துவிட்டால் மதுரையில் பூனைகள் குறைந்துவிடுமா? மருந்துக் கடையும் மருத்துவமனையும் பிழைக்க நாம் ஓர் உயிரை வெட்டுகிறோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. இன்னொன்று, சிறு வயதிலேயே செய்தால் சிறுநீர்க் குழாய் வளராமல் குறுகிப்போய், பின்னாளில் அடைப்பு வரும் என்று எங்கள் தெருவில் பலரும் சொல்கிறார்கள்.

#4 பழைய ஸ்டெதஸ்கோப்

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். மிளகை நான் நேரில் பார்க்கவில்லை. ஆதலால் அவனைப் பரிசோதிக்கும் மருத்துவரின் சொல்லே இறுதியானது.

முதலில் ஐயப்பாடு அவர்களுக்கு. தாங்கள் கேட்டதில் பாதி சரி. பூனைகளின் பெருக்கத்தைக் குறைக்க வேண்டுமானால் பெட்டைகளுக்குக் கருத்தடை செய்வதே முதன்மையான வழி. ஒரு தெருவில் ஒன்பது கடுவன்களுக்குச் செய்து ஒன்றை விட்டுவிட்டால், அந்த ஒன்றே அத்தனை பெட்டைகளையும் சினைப்படுத்திவிடும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தையர் இருப்பதும் பூனைகளில் உண்டு. எனவே மிளகின் அறுவைச் சிகிச்சையால் மதுரையில் பூனைகள் குறையப் போவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவனுக்குச் செய்வது அவனுடைய உடல்நலத்துக்காக. விதைநீக்கம் செய்யாத கடுவன் பெட்டையின் வாடையைத் தேடி எல்லை தாண்டி அலையும், சாலையில் அடிபடும், மற்றக் கடுவன்களோடு சண்டையிடும். அந்தக் கடியில் சீழ்க்கட்டி வருவது ஒருபுறமிருக்க, எஃப்ஐவி எனப்படும் பூனைகளின் நோய் எதிர்ப்புக் குறைவு வைரஸ் முதன்மையாக ஆழமான கடிக்காயங்கள் வழியாகவே பரவுகிறது. மனிதர்களுக்கு அது தொற்றாது. பூனைக்கோ வாழ்நாள் முழுவதும் நீங்காது. விதைநீக்கத்துக்குப் பிறகு அலைதல், சண்டை, பீய்ச்சுதல் ஆகியவை 10 கடுவன்களில் ஏறத்தாழ 8 அல்லது 9-இல் வெகுவாகக் குறைகின்றன. மீதமுள்ளவற்றில் ஓரளவு தொடரலாம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சிறுநீர்க் குழாய் பற்றிய அச்சம் பழையது; நான் படித்த காலத்தில் எங்கள் ஆசிரியர்களும் அப்படித்தான் சொன்னார்கள். பின்னர் இளம் வயதில் செய்த பூனைகளையும் தாமதமாகச் செய்தவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அடைப்பு வருவதில் வேறுபாடு தென்படவில்லை. கடுவனின் சிறுநீர்க் குழாய் இயல்பிலேயே குறுகலானது. அடைப்புக்குப் பெரும்பாலும் துணைபோவது உடற்பருமன், குறைவாகத் தண்ணீர் குடித்தல், மன அழுத்தம், உலர் தீவனத்தை மட்டுமே தின்பது போன்றவைதான்.

வயதைப் பொறுத்தவரை 4 முதல் 6 மாதம் வரை பொருத்தமான காலம். மிளகுக்கு முன்கூட்டிச் செய்யவில்லை, சரியாக இருக்கிறது.

இனிப் பட்டினி. மயக்க நிலையில் விழுங்கும் திறனும் இருமும் திறனும் அடங்கிவிடும். வயிற்றில் உணவு இருந்து அது மேலேறி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலைக் கெடுக்கும். நம் பகுதிகளில் பரவலாகப் பயன்படும் மயக்க மருந்துக் கலவையில் உள்ள சைலசின் பூனைகளுக்கு வாந்தியைத் தூண்டும் தன்மை உடையது. ஆகவே வயிறு காலியாக இருக்கத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு நேரம் என்பதில் கருத்து மாறிவிட்டது. நலமாக உள்ள வளர்ந்த பூனைக்கு 4 முதல் 6 மணி நேரம் போதும் என்பதே இப்போதைய வழிகாட்டுதல். 4 மாதத்துக்குக் குறைந்த குட்டிகளுக்கு இன்னும் குறைவு, ஏனெனில் நீண்ட பட்டினியில் அவற்றின் இரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். தண்ணீரை வீட்டிலிருந்து கிளம்பும் வரை எடுக்கவே தேவையில்லை, அதுவும் மதுரையின் கத்திரி வெயிலில்.

அப்படியானால் உதவியாளர் ஏன் இரவு 8 மணி என்றார்? பல மருத்துவமனைகளில் ஒரே நாளில் நான்கைந்து அறுவைச் சிகிச்சைகள் இருக்கும்; வரிசை காலையில்தான் முடிவாகும். எல்லாருக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் யாரும் தவறு செய்ய மாட்டார்கள் என்பது அவர்களுடைய கணக்கு. அதற்காகத் தாங்களே நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டாம். மருத்துவரிடம் நேரடியாகப் பேசி, எடையையும் வயதையும் சொல்லி, எத்தனை மணிக்குக் கடைசி உணவு என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அன்றைய முதல் அறுவைச் சிகிச்சையாக வைக்கச் சொல்லுங்கள்.

#5 வைகைக்கரை

மிக்க நன்றி ஐயா. அம்மாவைப் பற்றி இன்னொன்று கேட்கலாமா? அவர் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர். காளைகளைக் கீழே தள்ளிக் காலைக் கட்டிக் கிட்டி போட்டுக் காயடிப்பதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறார். அந்தக் கதறல் இன்னும் காதில் இருக்கிறது என்கிறார். அவரிடம் நான் என்னவென்று விளக்குவது?

#6 பழைய ஸ்டெதஸ்கோப்

தங்கள் அம்மா பார்த்தது உண்மை. அவர் வருந்துவதும் நியாயமே. மரக்கிட்டியால் விதையை நசுக்கியது கொடுமைதான். பின்னர் வந்த பர்டிசோ கிடுக்கி தோலைக் கிழிக்காமல் விதைக்குச் செல்லும் நாளங்களை நசுக்கும். அதையும் மரத்துப்போகச் செய்யாமலே பல காலம் பயன்படுத்தினார்கள். பூனைக்கு நடப்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள். வேண்டுமானால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் இதயத் துடிப்பையும் மூச்சையும் கேட்பார்கள், ஈறுகளின் நிறத்தைப் பார்ப்பார்கள், இரண்டு விதைகளும் பையில் இறங்கியிருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்ப்பார்கள். பிறகு வலி நீக்கும் மருந்தோடு மயக்க மருந்து செலுத்தப்படும். பூனை மயங்கினாலும் கண்ணை மூடாது; ஆதலால் விழி உலராமல் இருக்கக் களிம்பு இடுவார்கள். விதைப்பையின் மேலுள்ள முடியை நீக்கி, கிருமிநாசினியால் துடைத்து, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கீறல் இடுவார்கள். விதையை வெளியே எடுத்து, அதன் விந்து நாளத்தையும் இரத்தக் குழாயையும் ஒன்றோடொன்று முடிச்சிட்டு அறுத்துவிடுவார்கள். பெரும்பாலும் அந்த நாளமே நூலாகவும் பயன்படும். வெளி நூல் தேவைப்படாது. மறுபக்கமும் அவ்வாறே. தோலுக்குத் தையல் போடுவதில்லை. திறந்தே விட்டால்தான் நீர் கசிந்து தானாக ஒட்டும். பழகிய கைக்கு இது பத்து நிமிட வேலை. பெட்டைக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். கடுவனுக்கு அது கிடையாது.

கத்தி வைக்கும் நேரத்தைவிட மயங்கும் நேரத்திலும் தெளியும் நேரத்திலும்தான் கவனம் அதிகம் தேவை. என் அனுபவத்தில் சிக்கல்கள் மேசையில் வந்ததைவிட, வீட்டுக்குப் போன பிறகு வந்தவையே கூடுதல்.

#7 கொங்குப் பூனையார் (கோவை)

மருத்துவர் ஐயா விதைகளைத் தடவிப் பார்ப்பது பற்றிச் சொன்னதால் இதை எழுதுகிறேன். எங்கள் பாரசீகக் கடுவனுக்கு ஒரு விதை மட்டுமே இறங்கியிருந்தது. நாங்கள் கவனிக்கவில்லை. அறுவைச் சிகிச்சை செய்தவர் இருந்த ஒன்றை எடுத்துவிட்டு, முடிந்தது என்று அனுப்பிவிட்டார். எட்டு மாதங்கள் கழித்தும் சோபா, திரைச்சீலை, பூசையறைக் கதவு என்று எதையும் விடாமல் பீய்ச்சினான். வேறொரு மருத்துவரிடம் கொண்டு சென்றபோது, இன்னொரு விதை வயிற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது என்று கண்டுபிடித்து, வயிற்றைத் திறந்து எடுத்தார். இரண்டு மயக்கம், இரண்டு செலவு. முன்பதிவு செய்யும்போதே இரண்டும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். முடிந்தபின் இரண்டையும் எடுத்தீர்களா என்றும் கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

#8 பழைய ஸ்டெதஸ்கோப்

கொங்குப் பூனையார் சொன்னது மிகத் தேவையான எச்சரிக்கை. உள்ளே நின்ற விதை சுரப்பு நீரைத் தொடர்ந்து சுரக்கும். பிற்காலத்தில் கட்டியாக மாறவும் வாய்ப்புண்டு. ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு விடுவது முறையன்று. ஐயம் எழுந்தால் ஓர் எளிய அடையாளம் உண்டு. விதை இயங்கும் கடுவனின் ஆண்குறியில் சிறு முட்கள் போன்ற புடைப்புகள் இருக்கும்; விதைநீக்கம் முழுமையாக நடந்திருந்தால் சில வாரங்களில் அவை மறைந்துவிடும். மறையாவிட்டால் எங்கோ விதைத் திசு எஞ்சியிருக்கிறது என்று பொருள்.

#9 மணல்தட்டு (சென்னை)

நான் மருத்துவர் அல்லள். ஆறு கடுவன்களுக்குச் செய்துகொண்டு வந்திருக்கிறேன். அவற்றுள் நான்கு தெருப்பூனைகள். மருத்துவமனையில் நடப்பது நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பவற்றைச் சொல்கிறேன்.

தயவுசெய்து கட்டைப்பையில் கொண்டு போகாதீர்கள். என் முதல் பூனையை அப்படித்தான் ஆட்டோவில் கொண்டு சென்றேன். ஒரு பேருந்து ஒலிப்பான் அடித்ததும் பையைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தவனை வேப்பேரிப் பாலத்துக்கு அருகில் மூன்று மணி நேரம் தேடினேன். கடினமான பிளாஸ்டிக் கேரியர் வாங்குங்கள். மேல்பாகம் கழன்று வருவதாக இருந்தால் மருத்துவர் பூனையை இழுக்காமலே பரிசோதிக்கலாம். இன்றிலிருந்தே அதன் கதவைத் திறந்து, பழைய துண்டு விரித்து, அவன் வழக்கமாகப் படுக்கும் மூலையில் வைத்துவிடுங்கள். அதற்குள்ளேயே தினமும் ஒரு வேளை உணவு வையுங்கள். ஒரு வாரத்தில் அவனே போய்ப் படுத்துக்கொள்வான். அறுவைச் சிகிச்சை நாளன்று மட்டும் பரணிலிருந்து கேரியரை இறக்கினால், பூனை பரணுக்கு ஏறிவிடும். பயணத்தின்போது மேலே பருத்தித் துணி போர்த்துங்கள். வெயில் காலமாதலால் காற்றோட்டம் அடைபடக் கூடாது.

முதல் நாள் இரவு கடைசி உணவு கொடுத்ததும் வீட்டில் உள்ள எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை, பட்டினி என்பது தெரியாமல் என் மாமனார் விடிகாலையில் பால் ஊற்றிவிட்டார். அன்றைய அறுவைச் சிகிச்சையை ஒத்திவைத்தார்கள். அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னதுதான் அன்று நாங்கள் செய்த ஒரே நல்ல காரியம். குப்பைக் கூடையை மூடுங்கள், பல்லியும் கரப்பானும் வேட்டையாட முடியாத ஓர் அறையில் அவனை வையுங்கள். அந்த அறையில் சிறுநீர், மலம் கழிக்கும் மண் தட்டு கட்டாயம் வேண்டும். ஆனால் வழக்கமான களிமண் மணலை எடுத்துவிட்டு, துண்டு துண்டாகக் கிழித்த செய்தித்தாளை இடுங்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் ஏழு முதல் பத்து நாள்களுக்கு அதுவே நல்லது. மணல் அந்தத் திறந்த கீறலில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். முன்கூட்டியே காகிதத்துக்குப் பழக்கிவிட்டால், வலியோடு இருக்கும்போது புதிய தட்டைப் பார்த்துத் திகைக்க மாட்டான்.

நாய்களுக்கான உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவிவிடாதீர்கள். தெள்ளுப்பூச்சி இருந்தால் முன்பே மருத்துவரிடம் சொல்லிப் பூனைக்குரியதைக் கேட்டு வாங்குங்கள். நாய்க்கான சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை உண்டாக்கும்.

#10 ஐயப்பாடு

மருத்துவர் ஐயா பாதியை ஒப்புக்கொண்டதால் நானும் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கடிக்காயத்தில் பரவும் வைரஸ் பற்றி எனக்குத் தெரியாது. எங்கள் மதிலில் படுத்திருக்கும் செம்பூனைக்குக் காது கிழிந்து, கன்னம் வீங்கிப் போன மாதம் சீழ் வடிந்தது. ஆயினும் ஒரு கேள்வி மீதமிருக்கிறது. இரத்தப் பரிசோதனை என்று பல மருத்துவமனைகளில் கட்டாயப்படுத்துகிறார்களே, 5½ மாதக் குட்டிக்கு அது தேவைதானா, அல்லது கட்டணத்துக்காகவா?

#11 பழைய ஸ்டெதஸ்கோப்

நியாயமான கேள்வி. துள்ளி விளையாடும், நன்றாக உண்ணும், ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும் இளம் பூனைக்கு முறையான உடற்பரிசோதனையே பெரும்பகுதியைச் சொல்லிவிடும். தெருவிலிருந்து வந்த குட்டி, தெள்ளுப்பூச்சியால் வெளிறிய ஈறு, மெலிவு, அண்மையில் காய்ச்சல், இதயத்தில் முணுமுணுப்பு ஒலி ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் இரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் பார்க்காமல் மயக்கம் கொடுப்பது துணிச்சலான செயல். பாரசீகம் போன்ற தட்டை மூக்கு இனங்களுக்கு மூச்சுப்பாதை குறுகலாக இருப்பதால், அவற்றுக்கு மூச்சுக்குழல் பொருத்தி ஆக்சிஜன் தரும் வசதி உள்ள இடமே வேண்டும். மிளகு நாட்டுப் பூனை என்பதால் அந்தக் கவலை இல்லை. நான் பணியில் இருந்திருந்தால் ஈறைப் பார்த்துவிட்டு முடிவு செய்திருப்பேன். தும்மலோ மூக்கொழுக்கோ இருந்தால் மட்டும், பரிசோதனை எப்படி வந்தாலும், நாளைத் தள்ளிவையுங்கள்.

செம்பூனையைப் பற்றி: தெருப்பூனைகளுக்குச் செய்யும்போது மயக்கத்திலேயே இடது காதின் நுனியைச் சிறிது நறுக்கிவிடுவது பல ஊர்களிலும் வழக்கம். மீண்டும் பிடித்து மீண்டும் மயக்கம் கொடுக்காமல் இருப்பதற்கான அடையாளம் அது. சென்னையில் வேப்பேரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் அதற்கும் செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

#12 வைகைக்கரை

மருத்துவரிடமே பேசிவிட்டேன். அவர் சிரித்தபடி, இரவு 8 மணி என்பது பொதுவாகச் சொல்வது என்றார். மிளகின் எடையையும் வயதையும் கேட்டுவிட்டு, முதல் ஆளாகக் காலை 10 மணிக்கே வைத்துக்கொள்வதாகவும், விடிகாலை 4 மணிக்கு வழக்கத்தில் பாதி அளவு ஈர உணவு கொடுக்கலாம் என்றும், தண்ணீரைக் கிளம்பும்போது எடுத்தால் போதும் என்றும் கூறினார். இரண்டு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா என்று கேட்டேன். போன வருகையிலேயே பார்த்துக் குறித்திருக்கிறாராம். கேரியரில் மிளகு நேற்றிரவு தானாகவே தூங்கினான். அம்மாவுக்கு ஐயாவின் பதிவைப் படித்துக் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் விடிகாலை 4 மணிக்கு அலாரம் வைத்தவர் அவர்தான்.

#13 வைகைக்கரை

வியாழன், இரவு 9 மணி. அறுவைச் சிகிச்சை நலமாக முடிந்தது. பிற்பகல் 2 மணிக்கு வீட்டுக்கு அழைத்து வந்தோம். தள்ளாடித் தள்ளாடி நடக்கிறான். கண்ணின் ஓரத்தில் வெள்ளைத் திரை போல ஏதோ ஏறியிருக்கிறது. தரையில் துண்டு விரித்துப் படுக்க வைத்திருக்கிறோம். 7 மணிக்கு இரண்டு கரண்டி வேகவைத்த கோழியை மசித்துக் கொடுத்தேன். தின்றான், வாந்தி இல்லை. உட்காரும்போது முனகுகிறான். வீட்டில் என் தங்கையின் குழந்தைக்கு வாங்கிய பாராசிட்டமால் சொட்டு மருந்து இருக்கிறது. வலிக்கு அதில் ஓரிரு சொட்டுகள் கொடுக்கலாமா? மருத்துவமனையைத் தொடர்புகொள்ள முடியவில்லை.

#14 நெல்லைச்சீமை

கொடுக்கவே கொடுக்காதீர்கள். எங்கள் முதல் கடுவன் சண்டையில் காயம்பட்டு வந்தபோது, நல்லெண்ணத்தில் என் அத்தை அரை மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்தார். சில மணி நேரத்தில் முகமும் பாதங்களும் வீங்கின, ஈறு பழுப்பாகிவிட்டது, மூச்சு வாங்கினான். மருத்துவரிடம் கொண்டு போவதற்குள் இறந்துவிட்டான். அத்தை இன்றும் அந்த மாத்திரையைக் கையில் எடுத்தால் முகம் மாறிவிடுவார்.

#15 பழைய ஸ்டெதஸ்கோப்

நெல்லைச்சீமை சொன்னதே என் விடையும். பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றத் தேவையான நொதிச் செயல்பாடு பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. அதனால் உருவாகும் நச்சுப்பொருள் சிவப்பணுக்களைத் தாக்கி, ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைப் போக்கிவிடும். பூனைக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை. இப்யூபுரூஃபன் உள்ளிட்ட நம் வலிமாத்திரைகள் எவையும் வேண்டாம். மிளகுக்கு அறுவைச் சிகிச்சையின்போது கொடுத்த வலி மருந்து பெரும்பாலும் இன்றிரவும் வேலை செய்யும். மருத்துவமனை கொடுத்த வெளியேற்றத்தாளில் மெலாக்ஸிகாம் போன்ற வலி மருந்தின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதே மருந்தை மறுபடியும் வாங்கிக் கொடுக்காமல், காலையில் மருத்துவரிடம் கேளுங்கள்.

வெள்ளைத் திரை பூனையின் மூன்றாவது இமை. மயக்கம் தெளியும்போது மேலேறுவது இயல்பு, நாளைக்குள் இறங்கிவிடும். இன்றிரவு கட்டில், அலமாரி, சன்னல் திட்டு எதிலும் ஏறவிட வேண்டாம். மயக்கத்தில் உடல் சூடு குறையும். மின்விசிறிக்கு நேர் கீழே படுக்க வைக்காதீர்கள். காதும் பாதமும் சில்லென்று இருந்தால் துணி போர்த்துங்கள். இரத்தம் ஓரிரு துளிகள் என்றால் அஞ்ச வேண்டாம். விடாமல் சொட்டினாலோ, ஈறு வெளுத்தாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம், எந்த மருத்துவமனை திறந்திருக்கிறதோ அங்கே செல்லுங்கள். நாளை மாலைக்குள் சிறுநீர் கழிக்கிறானா என்பதை அம்மாவிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

#16 வைகைக்கரை

ஞாயிறு காலை. சிறுநீரும் மலமும் ஒழுங்காகப் போகின்றன. மருத்துவர் இரண்டு நாள்களுக்குப் பூனைக்குரிய சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் ஐயா, விதைப்பை அப்படியே புடைத்துக்கொண்டு இருக்கிறதே? எடுக்கவில்லையோ என்று என் தம்பி கேட்கிறான். கூம்பு வடிவக் கழுத்துப்பட்டையை மாட்டினால் பின்னோக்கியே நடக்கிறான், சுவரில் முட்டுகிறான்.

#17 பழைய ஸ்டெதஸ்கோப்

வெற்றுப் பைதான், உள்ளே சற்று நீர் கோத்திருக்கும். பத்து நாள்களில் சுருங்கிவிடும். இருபுறமும் முன்பிருந்ததைவிடப் பெரிதாக, சூடாக, கருஞ்சிவப்பாக வீங்கினாலோ சீழ் நாற்றம் வந்தாலோ மட்டும் காட்டுங்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், டெட்டால் எதுவும் தடவ வேண்டாம். நக்கினால் வயிற்றுக்குள் போகும். குளிப்பாட்டவும் வேண்டாம்.

கழுத்துப்பட்டையைப் பொறுத்தவரை, ஆள் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கழற்றி வைக்கலாம். ஓரிரு முறை நக்கிச் சுத்தம் செய்வது தவறன்று. விடாமல் நக்குவதும் கடிப்பதுமே புண்ணைத் திறக்கும். உண்ணும்போது கழற்றுங்கள், யாரும் இல்லாதபோதும் இரவிலும் மாட்டுங்கள். துணியால் ஆன மென்மையான பட்டையும் கிடைக்கிறது. அவன் கழுத்தைத் திருப்பி அவ்விடத்தை எட்டுகிறானா என்று பார்த்து வாங்குங்கள்.

#18 மணல்தட்டு (சென்னை)

வீட்டில் வேறு பூனை இருக்கும் மற்றவர்களுக்காக ஒரு சொல்: மருத்துவமனை வாடையோடு திரும்பும் பூனையை, கூடவே வளர்ந்த பூனையே அடையாளம் தெரியாமல் சீறித் தாக்கும். ஒரு நாளாவது தனி அறையில் வைத்துவிட்டு, இரண்டும் படுத்த துணிகளை மாற்றிப் போட்டபின் சேர்த்துவிடுங்கள்.

#19 வைகைக்கரை

12-ஆம் நாள். நேற்று மருத்துவர் பார்த்துவிட்டு, கீறல் நன்றாக ஒட்டிவிட்டது, கழுத்துப்பட்டை வேண்டாம் என்றார். எடை 2.9 கிலோ. கத்தல் குறைந்திருக்கிறது, பீய்ச்சல் இந்தப் பன்னிரண்டு நாள்களில் ஒரே ஒருமுறை, அதே அரிசி மூட்டையின் மேல். மூட்டையை இடம் மாற்றிவிட்டோம். புதிய சிக்கல் பசி. முன்பு தட்டில் மிச்சம் வைத்தவன் இப்போது காலிக் கிண்ணத்தை நக்கிக்கொண்டே இருக்கிறான். அம்மா அவனுக்குத் தயிர்ச் சோறும் நெத்திலிக் கருவாடும் கூடுதலாக ஊட்டத் தொடங்கிவிட்டார்.

#20 பழைய ஸ்டெதஸ்கோப்

எதிர்பார்த்ததுதான். விதை நீங்கியபின் உடலுக்குத் தேவையான ஆற்றல் ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது, பசியோ கூடுகிறது. இரண்டும் சேர்ந்தால் ஒரு வருடத்தில் தலையணை போல் ஆகிவிடுவான், பிறகு நீரிழிவும் சிறுநீர் அடைப்பும் தேடி வரும். ஆனால் மிளகு இன்னும் வளரும் பிள்ளை. திடீரென்று குறைத்துவிடவும் கூடாது. எப்போதும் நிறைந்திருக்கும் கிண்ணத்தை எடுத்துவிட்டு, ஒரு நாளைக்குரிய அளவைக் காலையிலேயே தராசில் நிறுத்து, அதையே நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். ஈர உணவின் பங்கைக் கூட்டினால் வயிறும் நிறையும், தண்ணீரும் உள்ளே போகும். சோறு அவனுக்குத் தேவையில்லை. கருவாட்டு உப்பும் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமலும், தடவினால் விரலுக்குத் தட்டுப்படும்படியும் இருந்தால் சரியான உடல்வாகு.

இன்னொன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். விதையை எடுத்துவிட்டாலும் விந்து நாளத்தில் எஞ்சிய உயிரணுக்களால் சில வாரங்களுக்குப் பெட்டையைச் சினைப்படுத்த முடியும். அறுவைச் சிகிச்சை நாளிலிருந்து ஆறு வாரங்களுக்கு அந்த மொட்டை மாடிப் பெட்டையோடு சேரவிட வேண்டாம்.

#21 வைகைக்கரை

ஆறு வாரம் என்றால் வைகாசி கடைசி வரை வருகிறது. பின்கதவுக்குத் தாழ்ப்பாளும், சன்னலுக்குக் கொசுவலையும் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டாரிடமும் பேசினேன்; அவர்களுடைய பெட்டைக்கும் கருத்தடை செய்ய எண்ணம் இருக்கிறதாம், மருத்துவரின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எடை பார்க்கும் தராசு நாளை வருகிறது. நெத்திலியை நிறுத்துவது பற்றி அம்மாவிடம் இன்னும் பேசவில்லை.